நான் மாற்றிச் சொன்ன இரண்டு சொற்கள்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு வாரம் விடாமல் பெய்த மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மலேசியாவின் கெடா மாநிலத்தில், மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் கம்பம், அதாவது கிராமம், இருக்கிறது. அங்கே கைவிடப்பட்ட படகுத்துறை ஒன்றின் கால்களில் பச்சைச் சிப்பி கொத்துக்கொத்தாக ஒட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டு, நானும் என் பக்கத்து வீட்டுக்காரரும் பீடோங்கிலிருந்து என் காரில் போயிருந்தோம்.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். முப்பது வருடங்களுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகளில் மலாய் மொழி கற்றுக்கொடுத்தவன். பக்கத்து வீட்டுக்காரர் லாரி ஓட்டுநராக இருந்தவர், என்னைவிட ஐந்து வயது இளையவர். என் மனைவி காலமான பிறகு என் மதியச் சாப்பாடு பெரும்பாலும் அவர்கள் வீட்டில்தான். அவர் என்னை 'வாத்தியாரே' என்பார். அவர் மனைவிக்கு நான் 'அண்ணே'.

எதைச் செய்தாலும் படித்துவிட்டுச் செய்கிற பழக்கம் எனக்கு. சிப்பி எடுப்பதைப் பற்றியும் முதல் நாளே படித்து வைத்திருந்தேன். கடல் வற்றும் நேரத்தில் போக வேண்டும். சாக்கடை கலக்கும் இடத்தில் எடுக்கக் கூடாது. ஓடு உடைந்தது கூடாது. வாய் திறந்திருப்பதை விரலால் தட்ட வேண்டும். தட்டியும் மூடாவிட்டால் அது செத்தது, எறிந்துவிட வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அவர் பிய்த்துக் கொடுக்க, நான் கரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வாளியில் போட்டேன்.

"சிப்பிக்கே பரீட்சை வைக்கிறீங்களே வாத்தியாரே! பெயிலானதுக்கு ரோத்தான் பிரம்படியா?" என்றார் அவர்.

"பெயிலானதைச் சாப்பிட்டா உனக்குத்தான்யா அடி" என்றேன்.

வாளி முக்கால் நிறைந்திருந்தது. அவர் கடைசித் தூணுக்குத் தள்ளிப் போயிருந்தார். அப்போது மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மலாய் மீனவ இளைஞர் என் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். வாளியைப் பார்த்தார். "அங்கிள், லா நி ஆயாக் மேரா. ஜாங்ஙான் அம்பேக் லா" என்றார். இப்போது சிவப்புத் தண்ணீர், எடுக்க வேண்டாம் என்று பொருள். தண்ணீரைக் குறிக்கும் 'ஆயர்' என்ற சொல்லைக் கெடாக்காரர்கள் 'ஆயாக்' என்றுதான் சொல்வார்கள். ஆயாக் மேரா என்ற இரண்டு சொற்களை மட்டும் இன்னொரு தடவை அழுத்திச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நான் கடலைப் பார்த்தேன். சாம்பலும் பச்சையுமாக, எப்போதும் போல இருந்தது. சிவப்பு எங்கேயும் இல்லை. அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டதாக நினைத்தேன்.

நான் பிறந்தது பாலிங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். பழைய மரங்களை விழுத்தி மறுநடவு செய்யும் வருடங்களில், மழை பெய்தால் செம்மண் கரைந்து ஆறு முழுவதும் செங்கல் நிறத்தில் ஓடும். அதைத்தான் நாங்கள் ஆயர் மேரா என்போம். அந்தத் தண்ணீரையே படிகாரம் போட்டுத் தெளியவைத்து, கொதிக்கவைத்துக் குடித்து வளர்ந்தோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. மெர்போக் ஆற்றின் மேல்பக்கத்திலும் அந்த வருடம் செம்பனை மறுநடவு நடந்துகொண்டிருந்தது. ஆகவே, மழைக்குச் செம்மண் தண்ணீர் இறங்கியிருக்கிறது, சிப்பியில் அழுக்கு இருக்கும் என்று அந்த இளைஞர் சொல்கிறார். கொதிக்கவைத்தால் தீர்ந்தது. என் மனத்தில் ஓடியது இவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் கரையேறி வந்து, "என்ன சொல்லிட்டுப் போறான் அந்தத் தம்பி?" என்று கேட்டார்.

"மழைக்கு ஆத்துல செம்மண் தண்ணி இறங்கியிருக்காம். நல்லாக் கழுவி அவிக்கணுமாம்" என்றேன்.

கழுவுவதைப் பற்றியோ அவிப்பதைப் பற்றியோ அந்த இளைஞர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அது முழுக்க என் சொந்தச் சரக்கு. 'எடுக்க வேண்டாம்' என்று அவர் சொன்னதை நான் சொல்லவே இல்லை.

வீட்டுக்கு வந்து செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்தோம். உப்புத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து மணலைக் கக்கவிட்டோம். ஓட்டைத் தேங்காய் நாரால் தேய்த்தோம். ஓட்டின் இடுக்கில் தொங்கும் நார் போன்ற தாடியைப் பிய்த்து எறிந்தோம். அவர் மனைவி மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

"மழைத் தண்ணியில எடுத்ததுங்கிறீங்க. வேணாமேண்ணே. நெத்திலி இருக்கு, அதைப் பொரிச்சிடுறேன்."

"வாத்தியாரு அங்க உள்ளவன்கிட்டயே கேட்டுட்டு வந்திருக்காரு லா. சும்மா இரு நீ" என்றார் கணவர்.

செராய் என்கிற எலுமிச்சைப்புல், இஞ்சி, சில்லிப் பாடி என்கிற ஊசிமிளகாய் எல்லாம் தட்டிப் போட்டு அந்தம்மா அவித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்து, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் கொதிக்கவைக்கச் சொன்னேன். வெந்தும் வாய் திறக்காதவற்றைப் பொறுக்கி எறிந்தேன். எனக்கு யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவாதம் இருப்பதால் சிப்பி, இறால் எதையும் மருத்துவர் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். நான் சோறும் நெத்திலியும் சாப்பிட்டேன். அந்தம்மா நான்கைந்து சிப்பி சாப்பிட்டிருப்பார். அவர் கணவர் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டு, இன்னொரு தட்டும் கேட்டு வாங்கினார்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "உதடு மரத்துப் போச்சு வாத்தியாரே. பல்லுப் புடுங்க ஊசி போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

"சில்லிப் பாடியை அந்த அள்ளு அள்ளினா மரக்காம என்ன செய்யும்?" என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். போய்ப் படுத்துக்கொள்ளச் சொன்னேன்.

அப்படியே முக்கால் மணி நேரத்தைப் போக்கினோம். எழுந்து வந்தபோது, தரை பஞ்சு மாதிரி இருக்கிறது என்றார். விரல் நுனிகள் குத்துகின்றன என்றார். அதைச் சொல்லும்போதே நாக்கு குழறியது. தண்ணீர் குடிக்கக் குவளையை எடுத்தார், தூக்க முடியவில்லை. நான் காரை எடுத்தேன். சுங்கைப் பட்டாணி மருத்துவமனைக்குப் போகும் வழியில், பின்சீட்டில் அவர் மூச்சு ஒவ்வொன்றையும் முயற்சி செய்து இழுப்பது கேட்டது. அந்தம்மாவுக்கும் உதடு மரத்திருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, மருத்துவமனையில் கேட்ட பிறகுதான் சொன்னார்.

உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்குக் குழாய் வைத்து இயந்திரத்தில் மூச்சுக் கொடுத்தார்கள். கை கால் அசையவில்லை. ஆனால் நினைவு தெளிவாக இருந்தது என்று பிறகு சொன்னார். எங்கள் பேச்செல்லாம் காதில் விழுந்ததாம்.

இளவயது மருத்துவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, என்ன சாப்பிட்டார், எங்கே எடுத்தது என்று மலாயில் விசாரித்தார். சொன்னேன். அடுத்து அவர் கேட்டார்: "அங்கே இப்போது ஆயர் மேரா என்று யாராவது சொன்னார்களா?"

அந்த இரண்டு சொற்களை அவர் வாயிலிருந்து கேட்டதும், செம்மண் தண்ணீரைத்தானே சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அது மண் இல்லை என்று அவர் விளக்கினார். கடலில் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பாசி சில சமயம் திடீரென்று பெருகும். சிப்பி தண்ணீரை வடிகட்டித் தின்கிற உயிர், அதனால் அந்தப் பாசியின் நஞ்சு அதன் சதையில் சேர்ந்துகொள்ளும். சிப்பிக்கு ஒன்றும் ஆகாது. தட்டினால் வாயை மூடும், அவித்தால் வாயைத் திறக்கும், ருசியும் மாறாது. எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பூண்டு, எலுமிச்சை, புளி எதற்கும் அது அசையாது. பெயர்தான் சிவப்புத் தண்ணீர், பல நேரங்களில் கடல் சிவப்பாகவே இருக்காது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. நஞ்சு உடம்பை விட்டுப் போகும்வரை இயந்திரம் அவருக்காக மூச்சுவிட வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

மறுபடியும் கேட்டார், யாராவது சொன்னார்களா என்று.

"இல்லை. யாரும் சொல்லவில்லை" என்றேன்.

அந்தப் பொய்யால் சிகிச்சை எதுவும் மாறவில்லை. ஆனால் வெளியே நீள இருக்கையில் உட்கார்ந்திருந்த அந்தம்மா, "இன்னும் கொஞ்ச நேரம் அவிச்சிருக்கணும்ண்ணே. நான்தான் அவசரப்பட்டு எறக்கிட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் சொன்னதை மட்டும் அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. அவரை நம்பவைக்கக்கூடிய செய்தி என்னிடம் இருந்தது. அதைச் சொல்லாமல் அவருக்கு மைலோ வாங்கிக் கொடுத்துவிட்டு இரண்டு நாட்கள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க இல்லேன்னா நான் என்னண்ணே செய்வேன்" என்றார். அதையும் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். சாதாரண வார்டுக்கு மாற்றிய பிறகு, கரகரத்த குரலில் அவர் முதலில் என்னிடம் கேட்டது இதுதான்: "வாத்தியாரே, அந்தத் தம்பி அன்னிக்கு உண்மையிலே என்ன சொன்னான்?"

அவித்தாலும் போகாத நஞ்சு என்று கட்டிலருகே பேசியதைக் கேட்டு, படுத்தபடியே அவர் எல்லாவற்றையும் யோசித்திருக்கிறார். அவர் மனைவி கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தார். நான் அந்த இளைஞர் சொன்னதை மலாயிலேயே, ஒரு சொல் மாறாமல் சொன்னேன்.

அவர் தலையைத் தூக்கப் பார்த்தார். "ஆயாக் மேராவா? அஞ்சு வருசம் மீன் லாரி ஓட்டினவன் நான். அந்த ரெண்டு வார்த்தையைக் கேட்டா எந்த மீன் லாரிக்காரனும் சிப்பி மூட்டையை ஏத்தமாட்டான். அதை அப்படியே சொல்லியிருந்தீங்கன்னா வாளியோட கடல்ல கவுத்திட்டு வந்திருப்பேனே."

தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"அவன் மலாய்ல சொன்னதை என்கிட்ட எதுக்கு வாத்தியாரே தமிழ்ல சொன்னீங்க? எனக்கென்ன மலாய் தெரியாதா?"

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாகி, தாதி ஓடி வந்தார். அந்தம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. போர்வையை இழுத்துக் கணவரின் பாதத்தை மூடினார். மூடியிருந்ததையே மறுபடியும் மூடினார்.

அன்றே மருத்துவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, குறித்துக்கொண்டார். வேறு யாரும் அங்கே எடுக்காமல் இருக்க இந்தத் தகவல் உதவியிருக்கும், முதல் நாளே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னார். வேறு யாராவது எடுத்துச் சாப்பிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் முழுதாகக் குணமாகிவிட்டார். இன்றைக்கும் என்னை 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிடுகிறார். புதியவர்கள் யாராவது வந்தால் இந்தக் கதையை அவரே நகைச்சுவையாகச் சொல்வார். என் பங்கைக் குறைத்துத்தான் சொல்வார். அவர் மனைவியும் சாப்பாடு கொடுத்தனுப்புவதை ஒருநாளும் நிறுத்தவில்லை. ஒன்றுதான் மாறியிருக்கிறது. சென்ற வருடம், மறுநாள் எங்கள் தாமான் குடியிருப்பில் தண்ணீர் வராது என்று கைப்பேசியில் அறிவிப்பு வந்தது. வேலியோரம் நின்று அந்தம்மாவிடம் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "அது அவங்க சொன்னதாண்ணே, நீங்க சொல்றதா?" என்று கேட்டார்.

குரலில் குத்தல் இல்லை, கோபமும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, கேட்டார். நான் உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து வந்து, அறிவிப்பை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை மலாயிலேயே வாசித்தேன். அதன் பிறகும், மருந்துச் சீட்டு, பேரனின் பள்ளிக் கடிதம், வங்கிக் கடிதம் என்று எதைச் சொன்னாலும் அந்தக் கேள்வி வருகிறது. அவர் அதைக் கேட்காமல் விடும் நாளில்தான் எனக்கு மன்னிப்புக் கிடைத்ததாக அர்த்தம் என்று முன்பெல்லாம் நினைத்திருந்தேன். இப்போது, நான் உயிரோடு இருக்கும்வரை அவர் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அந்த வீட்டுக்கு நல்லது என்று தோன்றுகிறது.