சட்டத்தரணிப் புனிதர்

மகளின் உறுதிப்பூசுதலுக்குப் புனிதரைத் தேர்ந்தெடுத்தது நான்தான். வளர்ந்த பிள்ளை பிஷப்பின் முன்னால் தன் விசுவாசத்தைத் தானே உறுதிப்படுத்தும் அந்தச் சடங்கில், எங்கள் கத்தோலிக்கச் சனம் அதற்கு ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்து வைக்கும். அக்காவின் பிள்ளைகள் ஊரில் எல்லாரும் அறிந்த புனிதர்களையே எடுத்தார்கள். எனக்கோ மகள் சட்டம் படிக்கவேண்டும் என்று ஆசை. இணையத்தில் தேடினேன். பழைய இங்கிலாந்தில் அமைச்சராக இருந்த ஒருவர், சட்டத்தரணிகளுக்குப் பாதுகாவலர் என்று போட்டிருந்தது. அதற்கு மேல் வாசிக்க எனக்கு எங்கே நேரம்? அவரையே பிடித்தேன்.

பள்ளிக்கூடத்தில் அந்தப் புனிதரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நாசமாய்ப் போக! அவள் முழுவதையும் வாசித்துவிட்டாள். மனைவியைத் தள்ளிவிட்டு இன்னொருத்தியைக் கட்டிய அரசன், நாட்டுத் திருச்சபைக்கும் தானே தலைவன் என்றானாம். பயத்தில் எல்லாரும் அதை ஏற்றுச் சத்தியம் செய்ய, இந்த மனிதர் மட்டும் மனம் ஒப்பவில்லை என்று மறுத்துத் தலையைக் கொடுத்தாராம்.

சடங்குக்கு ஒரு வாரம் இருந்தது. வோபர்னில் தையல்காரியிடம் அவளுடைய வெள்ளைச் சட்டையை வாங்கிக்கொண்டு ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் வீட்டுக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். மண்டபம் சொல்லியாயிற்று. ஞானத்தாயாக நிற்க விட்பியிலிருந்து அக்கா வருகிறாள்.

"அம்மா, ஐ காண்ட் டூ இட்," என்றாள் மகள். "பிஷப் கேக்கேக்கை 'விசுவசிக்கிறன்' எண்டு என்னாலை சொல்லேலாது."

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?"

"எனக்கு இன்னும் நம்பிக்கை வரேல்லை. பொய்ச் சத்தியம் பண்ண மாட்டன்."

எனக்கு வந்த கொதி! ஸ்ரியரிங்கில் ஓங்கி அடித்தேன். வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் அசையவில்லை. கடைசியில் கெஞ்சத் தொடங்கினேன்.

"எல்லாப் பிள்ளையளும் சொல்லுகினம்தானே? சும்மா வாயாலை சொல்லிப்போட்டு வா, குஞ்சு. மனசுக்குள்ளை என்னத்தையெண்டாலும் நினை. ஆர் பாக்கப்போகினம்?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் புனிதரின்ரை மகளும் அவரைப் பாக்க ஜெயிலுக்குப் போய் உப்பிடித்தான் கேட்டவ, அம்மா. ஷீ லவ்ட் ஹிம். அப்பா வீட்டை வந்தாக் காணும் எண்டு கேட்டவ."

எனக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் போகவில்லை. சனத்தின் முகத்தில் இனி எப்படி முழிப்பது?

"அப்ப பெரியம்மாவுக்கு நீயே சொல்லு," என்று வெருட்டினேன். பயந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் போனை எடுத்துக் காதில் வைத்தாள்.