பாஸ்கலின் வெறும் வண்டி

எழுபத்து மூன்றாம் வருஷம் வரைக்கும் பாஸ்கலின் பாலைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. கரிக்கலாம்பாக்கத்தில் அவருக்கு இரண்டு எருமைகள். விடியுமுன் கறந்து, சைக்கிளின் இரண்டு பக்கமும் கேன்களைத் தொங்கவிட்டு, தவளக்குப்பத்தில் மணவாளன் டீக்கடைக்குக் கொண்டுபோய் ஊற்றுவார். அந்த ஒரு கடையை வைத்துத்தான் குடும்பம் சாப்பிட்டது.

அந்த வருஷம் ஐப்பசியில் டைபாய்டு வந்து படுத்தார். காய்ச்சல் இறங்கியது, கையில் வந்த நடுக்கம் இறங்கவில்லை. மனைவி எலிசா கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவள் போய்ச் சேருவதற்குள் காலை வியாபாரம் முடிந்துவிடும்.

"இந்நேரத்துக்குப் பால் வந்தா நான் யாருக்கும்மா டீ போடறது?" என்றார் மணவாளன். "உன் வூட்டுக்காரரு வண்டி ஏறினா வரச்சொல்லு. இல்லன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

அதனால்தான் தோளுக்கு மேல் வளர்ந்த மகளை வைத்துக்கொண்டு பாஸ்கல் மறுபடி சைக்கிள் பழக வேண்டிவந்தது. சாயங்காலங்களில் மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த களத்துக்கு மூன்று பேரும் போவார்கள். மகள் செலின் மேரி ஹேண்டில்பாரைப் பிடிப்பாள், எலிசா கேரியரை. பிடியை விட்டதும் முன்சக்கரம் இப்படியும் அப்படியும் திரும்பும். வண்டி ஒரு பக்கம் கிடக்கும், அவர் ஒரு பக்கம் கிடப்பார்.

"கைய இறுக்காத நைனா. உடும்பாட்டம் புடிக்கிற."

"விட்டா உழுந்துடுவேன்டி."

"புடிச்சாலும்தான் உழுவுற."

களத்தில் மல்லாக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்த இருசப்பன், "இன்னா பாஸ்கலு, பொண்ணு பாக்கப் போறியா? இந்த வயசுல வண்டி பழகுற" என்றார்.

"உங்க வூட்ல பொண்ணு இருந்தா சொல்லுண்ணே, வண்டியோட வந்து உழுவாரு" என்றாள் எலிசா.

பாஸ்கல் சிரிக்கவில்லை. முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் கூடவே ஓடி ஓடிக் கால் கடுத்துப்போய், செலின் கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "மிதி நைனா, பாத்துக்கலாம்." வண்டி நேராகப் போனது. களத்தைச் சுற்றி வந்தும் விழவில்லை. அவள் இறங்கினாள், அவர் மறுபடி ஏறி மிதித்தார், விழுந்தார். வெறும் வண்டி கையின் நடுக்கத்துக்கெல்லாம் ஆடியது. பாரம் இருந்தால் அடங்கியிருந்தது.

போகும்போது கேனில் பால் இருக்கும், கவலையில்லை. திரும்பும்போது? தவிடு வாங்கும் நாளில் மூட்டை இருக்கும். மற்ற நாளுக்கு எலிசாதான் வழி சொன்னாள். "கடைக்கு எதிர்ல பம்பு இருக்குதில்ல. கேன கழுவிட்டு தண்ணிய ரொப்பிக்கினு வாய்யா. எருமைக்கும் ஆச்சு."

அப்படியே செய்தார். தை முழுக்க ஒரு நாளும் விழவில்லை. கொண்டுவந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றும்போது எலிசா அவர் கையைப் பார்ப்பாள். நடுங்கும். "எப்ப வெறும் வண்டியா வரப்போற?" என்று மட்டும் கேட்பாள்.

பால்காரர் ஒருவர் கேனில் தண்ணீர் பிடித்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடையில் முதலில் அது சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு டீ குடிக்க வருகிறவர்கள் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்க ஆரம்பித்தார்கள். மாசியில் ஒரு காலை மணவாளன் பம்படிக்கே வந்து நின்றார்.

"இது எதுக்கு பாஸ்கலு?"

"பாரத்துக்குண்ணே. காச்சலுக்கப்புறம் வெறும் வண்டி எனக்கு நிக்கமாட்டேங்குது."

"பால் ஊத்தறவன் தண்ணி ரொப்பறது பாரத்துக்கா. நல்லாருக்குது." எதிரே கடை பெஞ்சிலிருந்தவர்கள் சிரித்தார்கள். "செரி, கொட்டிட்டு ஏறு. உழுந்தீன்னா ஒத்துக்கறேன்."

பாஸ்கல் தண்ணீரைக் கொட்டினார். காதெல்லாம் சூடேறியிருந்தது. வண்டியைத் தள்ளி ஏறி மிதித்தார். விழுந்துவிடுவோம் என்றுதான் நம்பினார். ஹேண்டில்பார் ஆடவில்லை. கோபத்திலா, இத்தனை நாள் ஓட்டிய பழக்கத்திலா, தெரியவில்லை. கை அசையாமல் நின்றது. ரோட்டு முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து கடைக்கு முன்னால் இறங்கினார். வேண்டுமென்று விழ அவருக்குத் தெரியவில்லை.

"நல்லாத்தான ஓட்டற" என்றார் மணவாளன். குரலில் கோபம்கூட இல்லை. "நாளையிலேர்ந்து வாணாம்பா."

எலிசா வரட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தெருக்கோடியில் காலிக் கேன்கள் கடகடவென்று மோதும் சத்தம் கேட்டது. தண்ணீர் இல்லை என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. "செலினு, வாடி, உங்க நைனாவப் பாரு" என்று சாணிக்கையோடு வாசலுக்கு ஓடினாள்.

பாஸ்கல் தடுமாறாமல் இறங்கி வண்டியைச் சுவரில் சாய்த்தார்.

"வெறும் வண்டியா வந்துட்டியேய்யா."

"வந்துட்டேன்" என்றார். கேன்களைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார். "நாளைக்குப் பால் வாணாம்னுட்டான்."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு போகக் கொஞ்ச நேரம் பிடித்தது. தொழுவத்தில் காலித் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு எருமை கத்தியது. செலின் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள்.