கை முகர்ந்தவர்

தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த பிள்ளைகள் திரும்பப் படித்துப் பத்தாம் வகுப்பு எழுதுவதற்காகக் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே நான் அறிவியல் வாத்தியார். தலைமையாசிரியர் ஒல்லியான மனிதர். அவருடைய வெள்ளைச் சட்டையில் கரிசல் புழுதி ஒட்டி நான் பார்த்ததேயில்லை. பிரேயர் முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்து முகர்ந்து பார்ப்பார். தீக்குச்சி மருந்து வாடை அடித்தால், அந்தப் பிள்ளை மறுபடியும் வேலைக்குப் போகிறது என்று அர்த்தம். அன்றைக்கே பெயரை அடித்துவிடுவார்.

ஒருநாள் முத்துமாரியின் கையை முகர்ந்தார்.

"ஏட்டி, பையத் தூக்கிட்டு வீட்டுக்குப் போ."

அவள் என்னைப் பார்த்தாள். பிரேயருக்கு முன்னால் நானும் அவளும்தான் பாடத்துக்காகக் கந்தகம் அரைத்தோம். அவள் கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். மூன்றாவது பீரியடில்தான் தைரியம் வந்து அவர் அறைக்குப் போனேன்.

"சார், அது கந்தக வாடை. நான்தான் அரைக்கச் சொன்னேன்."

"தெரியும் சார். ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுதான இருந்தேன். ஒருத்திய அனுப்புனாத்தான் மத்த வீட்டுல பயப்படுவாவ."

"அவ நல்லாப் படிக்கிற பிள்ளை சார்."

"அதுக்குத்தான் அவள அனுப்புனேன். படிக்காதவள அனுப்புனா எவன் பயப்படுவான்?"

பிறகு என் வலது கையைப் பிடித்து, பிள்ளைகளுக்குச் செய்வது போலவே நிதானமாக முகர்ந்தார்.

"நீங்க சோப்புப் போட்டுக் கழுவிட்டுல்லா பிரேயருக்கு வந்திருக்கீய," என்றார்.