என்ன வேலை என்று சொல்லாத இன்டர்வியூ

போன மாதம் ஒரு இன்டர்வியூவுக்குப் போய் வந்தேன். செலக்ட் ஆகிவிட்டேன். என்ன வேலை என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

சிரிக்காதீர்கள். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். துவரம்பருப்பு டப்பாவுக்கும் கடலைப்பருப்பு டப்பாவுக்கும் லேபிள் ஒட்டி வைக்கிறவள் நான். தூங்கும் முன் டைரி எழுதாவிட்டால் பல் துலக்காதது போல இருக்கும். அப்பேர்ப்பட்டவள் அன்றைய பக்கத்தில் 'கோட்டக்குப்பம் போனோம், வந்தோம்' என்று மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். நடுவில் நடந்ததற்கு என்ன பெயர் வைப்பது?

உங்களிடமாவது வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் பின்தெருவில் கஸ்தூரி இருக்கிறாள். மரக்காணம் உப்பளத்தில் வேலை. அவளோடு இன்னும் எட்டுப் பெண்கள். தங்களை 'செட்டு' என்று சொல்லிக்கொள்வார்கள். உப்பள வேலைக்கு இவர்கள் தனித்தனியாகப் போவதில்லை. வேலை இருக்கிறது என்ற செய்தி கஸ்தூரிக்கு வரும். அவள் செட்டைக் கூப்பிடுவாள். அப்படிக் கூப்பிடுவதற்கென்று அவளுக்குக் கூடுதல் கூலி எதுவும் கிடையாது. கூடுதலாக ஒரு கடமை மட்டும் உண்டு. பாத்தியில் முதல் ஆளாக அவள்தான் இறங்க வேண்டும்.

மழை ஓய்ந்த பிறகு பாத்தி முழுக்கக் கலங்கல் தண்ணீர். அடியில் உடைந்த பாட்டில் கிடக்கிறதா, கால் எவ்வளவு புதையும் என்பதெல்லாம் வரப்பில் நின்று பார்த்தால் தெரியாது. கஸ்தூரி இறங்கி ஒரு சுற்று நடப்பாள். பிறகு திரும்பி, "வாங்கடி" என்பாள். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் வரப்பை விட்டுக் காலை எடுப்பார்கள். அவள் 'வா' என்றால் எங்கே, எதற்கு என்று கேட்கிற வழக்கமே அந்த எட்டுப் பேரிடமும் இல்லை.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த நேரம் பார்த்து கஸ்தூரியின் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. அலுவலக வேலை... பெண்களுக்கு முன்னுரிமை... படிப்பு தடையில்லை. போன் செய்தாளாம். பேசிய பெண் தேனாகப் பேசினாளாம். 'உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருந்தாலும் கூட்டிட்டு வாங்க மேடம்' என்றாளாம்.

கஸ்தூரி வேறென்ன செய்வாள்? செட்டைக் கூப்பிட்டாள். என்னையும் கூப்பிட்டாள்.

"நீங்களும் வாங்கக்கா. எதுலனா கையெழுத்து போடச் சொன்னா படிச்சு சொல்லணுமில்ல?"

"ஆபீஸ்ல என்ன வேலையாம்?"

"கேட்டேங்கா. நேர்ல வாங்க, சொல்றோம்னுச்சு. ஆபீசுன்னா தலைக்கு மேல கூரை இருக்குமில்ல? எனக்கு அது போதும்."

நான் என் வழக்கப்படி ஒரு தாளில் கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டேன். என்ன வேலை? எந்த ஊரில்? எத்தனை மணி நேரம்? என்ன சம்பளம்? இந்த நான்கும் தெரிந்தால் போதாதா ஒரு வேலைக்கு?

பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறினோம். ஒன்பது பேரும் பெட்டியில் இருந்த நல்ல புடவையைக் கட்டியிருந்தார்கள். செட்டிலேயே வாய் நீளமான அமுலு, ஆதார் கார்டு, ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், புருஷனின் வாக்காளர் அட்டை என்று வீட்டில் இருந்த அத்தனை அட்டைகளையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள்.

கண்டக்டர் சிரித்தார். "இன்னாம்மா, கல்யாணமா? இல்ல சீமந்தமா?"

"ஆபீசுண்ணே!" என்றாள் அமுலு. "நாளையிலேர்ந்து எங்களுக்கு எழுந்து நின்னு டிக்கெட்டு குடுக்கணும், பாத்துக்கோ!"

"இப்பவே நின்னுக்கினுதாம்மா இருக்கேன்!"

பஸ்ஸே சிரித்தது.

கோட்டக்குப்பத்தில் மெயின் ரோட்டு மேலேயே ஒரு மாடி ஹால். யாருடைய நிச்சயதார்த்தமோ முந்தின நாள் நடந்திருக்க வேண்டும். வாடிய பூச்சரம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஏசி, காதைப் பிளக்கும் பாட்டு. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்த ஒரே வரிசை எங்களுடையதுதான்.

வாசலில் டை கட்டிய ஒரு பெண் என் சேலையில் ஸ்டிக்கர் ஒட்ட வந்தாள்.

"நான் வேலைக்கு வரலம்மா. இவங்க கூட வந்தேன்."

"சூப்பர் மேடம்!" என்று சொல்லிவிட்டு ஒட்டினாள்.

நான் தாளை எடுத்தேன். முதல் கேள்வி. "இது என்ன வேலைம்மா?"

"மேடம், அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருக்கணும்னு ஆசைப்படுறீங்க?"

"மரக்காணத்துலதான்."

அவள் கொஞ்சம் குழம்பிவிட்டாள். நானும்தான்.

நான் அறிந்த இன்டர்வியூ வேறு. வெளியே பெஞ்சில் காத்திருப்போம். பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உள்ளே போனால் மூன்று பேர் உட்கார்ந்துகொண்டு நம்மை மேலும் கீழும் பார்ப்பார்கள். தெரியாததாகப் பார்த்துக் கேட்பார்கள். இங்கே ஹால் நிறைய ஆள். ஒருவரையும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எல்லோரும் பாஸ்! வேலை தருகிறவர் நம்மைச் சந்தேகப்படுவதுதானே ஊர் வழக்கம்? நம்மை யாருமே சந்தேகப்படாத இடத்தில், சந்தேகப்படுகிற வேலை நம் தலையில் விழுந்துவிடுகிறது போலிருக்கிறது.

மேடையில் கோட் போட்ட ஓர் இளைஞன் ஏறினான். பெயர் பிரவீன். "மாசம் ஒரு லட்சம் யாருக்கெல்லாம் வேணும்?" என்று கத்தினான். எல்லாக் கையும் மேலே போயிற்று. வேண்டாம் என்று யார் சொல்லப் போகிறார்கள்? ஒரு அம்மாள் மைக்கைப் பிடித்து, கார் வாங்கிய கதையைச் சொல்லி அழுதார். கைதட்டினோம். ஏன் அழுதார் என்பது பிடிபடவில்லை.

பிறகு போர்டில் ஒரு வட்டம் போட்டான் பிரவீன். அதற்குக் கீழே மூன்று. அந்த ஒவ்வொன்றுக்கும் கீழே இன்னும் மூன்று.

அமுலு என் காதருகே வந்தாள். "அக்கா, மேல இருக்குற வட்டம் யாரு?"

"நீயாம்."

"கீழ இருக்குறது?"

"நீ சேர்த்துவிடுற ஆளுங்க."

"அதுக்குக் கீழ?"

"அவங்க சேர்த்துவிடுறவங்க."

"அப்ப வேலைய யாருக்கா செய்யறது?"

என் தாளில் இல்லாத கேள்வி அது!

கடைசியில் ஒரு வெல்வெட் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே ஜோடி ஜோடியாகக் காந்த இன்சோல். ஷூவுக்குள் வைத்துக்கொண்டு நடந்தால் கால் வலி போகும், முதுகு வலி போகும், சர்க்கரை இறங்கும், தூக்கம் வரும். எங்கள் வரிசை மொத்தமும் குனிந்து தன் தன் வெறுங்காலைப் பார்த்தது. உப்புத் தண்ணீரில் வெடித்த பாதங்கள். அதில் ஷூ என்பதை ஒரு நாளாவது போட்டவர் யாருமில்லை.

அப்போதுதான் கஸ்தூரியை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

"மேடம் எத்தனை பேரைக் கூட்டிட்டு வந்திருக்காங்க தெரியுமா?"

"எட்டு பேரு," என்றாள் கஸ்தூரி மைக்கில். "அக்காவோட சேத்தா ஒம்போது."

ஹால் அதிர்ந்தது. பூங்கொத்து கொடுத்தார்கள். நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்தினார்கள். முதல் நாளே டீம் லீடர்! கஸ்தூரியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே... இத்தனை வருடமாக முதல் ஆளாகச் சேற்றில் இறங்கியவளுக்கு ஒருவரும் கைதட்டியதில்லை. நானும் எழுந்து நின்று கைதட்டினேன். பொய் சொல்வானேன்?

மேடையைவிட்டு அவள் இறங்கிய பிறகுதான் விவரம் வந்தது. சேருகிற ஒவ்வொருவரும் ஒரு பெட்டி வாங்க வேண்டும். இன்றே வாங்க வேண்டும். அந்த எட்டுப் பெட்டியிலும் கஸ்தூரிக்கு ஒரு பங்கு உண்டு.

கஸ்தூரி பிரவீனிடம் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"தம்பி, இவளுங்க காசு குடுத்தா எனக்குக் காசு வருமா?"

"ஆமா மேடம்! அதான் பிசினஸ்!"

"அப்ப ஆபீசு?"

"உங்க போன்தான் மேடம் உங்க ஆபீஸ்."

கஸ்தூரி கையிலிருந்த கீறல் விழுந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அதுல எப்பிடிமே ஒம்போது பேரு உக்கார்றது?" என்றாள் அமுலு பின்னாலிருந்து.

கஸ்தூரி சிரிக்கவில்லை. யோசித்தாள். "சரி தம்பி. நான் மொதல்ல சேர்றேன். ஒரு மாசம் வித்துப் பாக்குறேன். நல்லா வந்துச்சுன்னா இவளுங்கள நானே கூப்பிடுறேன்."

"அப்படி முடியாது மேடம். டீமோட சேர்ந்தாதான் லீடர். ஆஃபர் இன்னைக்கு மட்டும்தான்."

"நான் எறங்கிப் பாக்காம அவளுங்கள எறக்க மாட்டேன்."

"நெகட்டிவா யோசிக்காதீங்க மேடம்."

"சரி, நீ எறங்கிப் பாத்தியா? நீ எத்தினி வித்த?"

பிரவீன் டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "என் டீம் நல்லா பண்றாங்க மேடம்."

"டீமு இருக்கட்டும்ப்பா. நீ?"

அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "வீட்ல நாலு பெட்டி இருக்குது மேடம். எங்களுக்கு வானூர் பக்கம். நானும் ஆபீஸ் வேலைன்னு சொல்லித்தான் வந்தேன்." தூரத்தில் யாரோ அவனைக் கவனிப்பது தெரிந்ததும் குரல் ஏறிவிட்டது. "ஆனா நான் ரொம்ப ஹேப்பி மேடம்!"

யார் மேல் கோபப்படுவது? இவன் மேலா? இவனைக் கூட்டிவந்தவன் மேலா? அவனைக் கூட்டிவந்தது யாரோ! வட்டத்துக்கு மேல் வட்டமாகப் போனால் கடைசியில் யார் முகம் இருக்கும்? எனக்குத் தலை சுற்றியது.

கஸ்தூரி பேட்ஜைக் கழற்றி மேஜையில் வைத்தாள். செட்டைப் பார்த்து, "வாங்கடி, போவலாம்" என்றாள்.

ஏழு பேர் எழுந்தார்கள். அமுலு எழவில்லை.

"நீ போமே. நான் சேர்றேன்."

"வேணாம் அமுலு. நான் சொல்றேனில்ல?"

"ஒனக்கு மேடையில பூ குடுத்துட்டாங்க. நாங்க ஒருத்தரும் ஏறக் கூடாதா? எனக்கும்தான் காலு வலிக்குது. வெயில்லயே கெடந்து சாவணுமா?"

படித்துச் சொல்லத்தானே என்னைக் கூட்டிவந்தார்கள்? சேருவதற்கான ஃபாரத்தை வாங்கிப் பொடி எழுத்தைக் கண்ணருகே வைத்துப் படித்தேன். "அமுலு, இதுல சம்பளம்ங்கிற வார்த்தையே இல்லம்மா. விக்கலன்னா ஒண்ணும் வராது."

"சம்பளம்னு சொல்றவன் மட்டும் ஒழுங்கா குடுத்துக் கிழிச்சிட்டானாக்கா?"

ஃபாரத்தை மேஜையிலேயே வைத்துவிட்டேன். அமுலு காதில் இருந்த கம்மலைக் கழற்றிப் பக்கத்துத் தெரு அடகுக்கடைக்குப் போய்விட்டுப் பெட்டியோடு வந்தாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் முன்சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டாள். வெல்வெட் பெட்டி மடியில். பின்னால் இருந்தவர்கள் கஸ்தூரியை விடவில்லை.

"லீடரம்மா, டிக்கெட்ட நீயே எடு."

"பூவயாச்சும் கொண்டாந்திருக்கலாம்மே. சாமிக்கு ஆயிருக்கும்."

கஸ்தூரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காலாப்பட்டோ அதற்கு முன்னாலோ, எங்கேயோ பஸ் நின்று கிளம்பியபோது மெதுவாகக் கேட்டாள். "இனிமே நான் கூப்ட்டா வருவாளுங்களாக்கா?"

அவளுடைய சொத்து அது ஒன்றுதான். அந்த ஹாலில் இருந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. இன்சோல் யாருக்கு வேண்டும்? ஒருத்தி கூப்பிட்டால் எட்டுப் பேர் கேள்வி கேட்காமல் வருகிறார்களே... வியாபாரச் சரக்கு அதுதான். நம் அத்தை, நம் பக்கத்து வீடு, நம் கூட வேலை பார்க்கிறவர் என்று நம் பேச்சை நம்புகிறவர்கள் தீர்ந்துபோனால், நாமும் காலிப் பெட்டிதான்.

இதை அன்று கஸ்தூரியிடம் சொல்லத் தோன்றவில்லை. "தெரியலையே" என்று மட்டும்தான் சொன்னேன்.

இந்த வாரம் உப்பளத்தில் வேலை தொடங்கிவிட்டது. வரப்பு கட்டவும் பாத்தித் தரையை மிதித்து இறுக்கவும் ஆள் கேட்டுச் செய்தி வந்தது. கஸ்தூரி போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கூப்பிடவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் காலையில் தனியாகப் போய், பாத்தியில் இறங்கி நடந்து பார்த்துவிட்டு, வரப்பில் ஏறி நின்று போன் செய்தாளாம். "வேலை இருக்குது. இஷ்டமிருந்தா வாங்க."

இத்தனை வருடத்தில் அவள் 'இஷ்டமிருந்தா' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஏழு பேரும் வந்தார்கள். கொஞ்சம் தள்ளி, எட்டாவதாக அமுலுவும் வந்தாள். சாப்பாட்டு வேளையில் தூக்குச் சட்டியோடு அந்த வெல்வெட் பெட்டியையும் பிரித்தாளாம். இதுவரை ஒன்றுகூட விற்கவில்லை.

"ஷூவே போடாத காலுக்கு இத எங்கடி வெக்கறது? சோத்துச் சட்டியிலயா?" என்றாளாம் ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்களாம். அமுலுவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளாம், சாப்பிடாமல்.

சாயங்காலம் கஸ்தூரி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முழங்கால் வரை சேறு. கையில் ஒரு ஜோடி காந்த இன்சோல்.

"அய்யோ, நீ எதுக்கு கஸ்தூரி வாங்கின?"

"அமுலுவ அங்க கூப்ட்டது நானுங்கா."

எந்த சைஸ் என்று கேட்டேன். பார்க்கவில்லையாம்.