சாவி கேட்ட நல்லவர்

பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டுதான் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். அது சோறு போடும் வேலை. சோறு போடாத வேலையும் ஒன்று உண்டு. தேதிகளைப் பல மொழிகளில் எழுதிக் காட்டும் சின்ன மென்பொருள் பேக்கேஜ் ஒன்றை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டிருக்கிறேன். மென்பொருள் எழுதுகிறவர் ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் அவருக்கு வேண்டிய பேக்கேஜ்கள் தானாக வந்து இறங்கும். அவற்றுக்கு வேண்டியவையும் கூடவே வரும். என்னுடையது அப்படி ஒட்டிக்கொண்டு போகிற ஆள். எங்கெங்கே போய்ச் சேர்ந்திருக்கிறதென்று எனக்கே தெரியாது. நான் புதிய பதிப்பு வெளியிட்டால் பெரும்பாலும் யாரும் பிரித்துப் பார்க்காமலே அங்கெல்லாம் போய்விடும். வெளியிடுவதற்கான சாவி, அதாவது கடவுச்சொல் மாதிரி ஒன்று, என் ஒருவனிடம்தான்.

போன மழைக்காலத்தில் திட்டு ஆரம்பித்தது. "இந்தப் பிழையை எப்போது சரிசெய்வதாக உத்தேசம்?" "முடியாவிட்டால் வேறு ஆளிடம் விடலாமே?" எல்லாம் முன்பின் தெரியாதவர்கள். ஓசியில் வாங்கிக்கொண்டு என்ன வாய்! ஒருவனுக்குச் சூடாகப் பதில் எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

அப்போதுதான் அவர் வந்தார். எந்த நாடு என்றுகூடத் தெரியாது. பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தி அனுப்பினார். சுத்தமான வேலை. "அழகாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் கிடக்கிறார்கள், நீங்கள் ஓய்வெடுங்கள்" என்றார். இத்தனை வருடத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பொங்கல் கழிந்ததும் கேட்டார்: சாவியில் எனக்கும் பங்கு கொடுத்தால் உங்கள் பாரம் குறையுமே?

கொடுத்துவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன். மறுநாள் காலையில் எங்கள் மாந்தோப்பைக் குத்தகைக்குக் கேட்டு ஒரு வியாபாரி வந்தார். விலை பேசுவது என் மனைவியின் இலாகா. நான் சும்மா பக்கத்தில் நிற்பேன்.

"பூவெல்லாம் கருகிப் போச்சுங்க, காயே நிக்காது" என்று குறையாக அடுக்கி, அடிமாட்டு விலைக்குக் கேட்டுவிட்டுப் போனார். சற்று நேரத்தில் இன்னொருவர்.

"அவன் கெடக்கறான் வுடுங்க. நல்ல தோப்புங்க இது. பாவம், நீங்களும் எத்தன நாளைக்குத்தான் காவல் காப்பீங்க?" என்று ஆறுதலாகப் பேசி, கொஞ்சம் கூட்டிக் கேட்டார். யோசித்துச் சொல்வதாக மனைவி அனுப்பிவைத்தாள்.

நான் மாடிக்கு ஏறினேன். தெருமுனையில் முதல் வியாபாரி பைக்கோடு நின்றிருந்தார். இரண்டாமவர் போய்ப் பின்னால் ஏறிக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது. கணினியைத் திறந்து, என்னைத் திட்டியவர்களின் இணையக் கணக்குகளைப் பார்த்தேன். எல்லாம் அவர் வருவதற்குச் சற்று முன்புதான் திறக்கப்பட்டவை. என் பேக்கேஜைத் தவிர வேறெங்கும் அவர்கள் ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை.

காபியோடு வந்த மனைவி, "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி ஒக்காந்திருக்கீங்க?" என்றாள். நடந்ததையும், சாவி கையில் இருந்தால் பேக்கேஜுக்குள் விஷமமான எதையும் வைத்து எல்லோருக்கும் அனுப்பிவிடலாம் என்பதையும் சொன்னேன்.

"அப்பக் குடுக்காதீங்க."

"நெஜமாவே நல்லவரா இருந்தா?"

"இருந்தா சாவி இல்லாமயே வேல செய்யட்டும். இத்தன நாளு செஞ்சாருல்ல?"

சாவி தர இயலாது, திருத்தங்களைத் தொடர்ந்து அனுப்புங்கள் என்று மரியாதையாகவே எழுதினேன். பதில் வரவில்லை. திட்டியவர்களும் அதோடு ஓய்ந்தார்கள். அவர் அதுவரை அனுப்பியதையெல்லாம் பயந்துபோய் வரி வரியாகச் சோதித்தேன். ஒரு கோளாறும் இல்லை.

தோப்பை இந்த வருடம் வேறொருவருக்கு விட்டோம். பேக்கேஜில் பிழைகள் மறுபடி குவிகின்றன. நான் ஒருவனே பார்க்கிறேன். தப்பித்தோம் என்ற நிம்மதி இருக்கிறது. ஆனாலும் புதிதாக ஏதாவது செய்தி வந்தால் முதலில் அவர் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். நான் எழுதியதை உட்கார்ந்து முழுசாகப் படித்தவர் அவர் ஒருவர்தான்.