அக்காவின் தொலைக்காட்சிப் பெட்டியும் பதினாறு நாளும்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவருடைய படத்தை அட்டையில் போட்டு, அவரை அறிந்த உங்கள் கைகளில் இந்தச் சிறு மலரைத் தருகிறோம். வாழ்க்கைக் குறிப்பு எழுதும் பொறுப்பு தம்பியாகிய எனக்கு வந்தது. எழுதியதில் முதல் சில பக்கங்களை மட்டும் வாசித்த தங்கை, "என்னண்ணே, அக்காவப் பத்தி எழுதச் சொன்னா டிவியப் பத்தி எழுதி வச்சிருக்கீங்க" என்று கோபித்துக்கொண்டாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் நான் உங்களிடம் சொல்லியாக வேண்டிய ஒன்று அந்தப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு நற்குணங்களை மட்டும் வரிசையாக எழுதினால், அது அக்காவுக்கு நான் செய்யும் இரண்டாவது தவறாகிவிடும்.

வட்டகொடை ரயில் நிலையத்துக்கு மேலே இருக்கும் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்தின் ஐந்தாவது காம்பரா வீட்டில் அக்கா மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு எட்டு, தங்கைக்கு மூன்று. அம்மாவின் கருமாதி முடிந்த மறுவாரமே அக்காவின் பள்ளிக்கூடம் நின்றது. வயது வந்ததும் தோட்டத்தில் பேர் பதிந்து, கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து எடுக்க மலையேறினார். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. "இதுக ரெண்டும் ஒரு கரை சேரட்டும்" என்று அப்பாவிடம் சொல்லித் தட்டிக் கழித்தார். நாங்கள் கரை சேர்ந்தோம். தங்கை லிந்துலையில் வாழ்க்கைப்பட்டாள், நான் ஹட்டனில் ஆசிரியனானேன். அதற்குள் அக்காவைப் பெண் கேட்டு வருகிறவர்கள் நின்றுபோனார்கள்.

நான் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அக்கா வீட்டு வேலைக்காகச் சவுதிக்குப் போனார். நான்கு வருடம் கழித்துத் திரும்பியபோது, வட்டகொடை நிலையத்தில் அவரோடு ஒரு பெரிய அட்டைப் பெட்டியும் இறங்கியது. இருபத்தோரு அங்குல வண்ணத் தொலைக்காட்சி. பின்பக்கம் வயிறு தள்ளிய அந்தக் கனத்தை லயத்து ஆண்கள் ஆறு பேர் முறைவைத்துத் தூக்கி, குறுக்கு வழியாகவே மலையேற்றினார்கள். பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்து, எல்லோரும் கைதட்டிய பிறகுதான் அப்பா வாய் திறந்தார்.

"ஏன் புள்ள, இதுக்கு கரண்டு வேணும்ல?"

அக்கா சுவரைப் பார்த்தார். எங்கள் லயத்துக்கு அப்போது மின்சாரம் இல்லை. வசதியுள்ள லயங்களில் கார் பேட்டரியில் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டிகள்தான் இருந்தன. அக்காவின் பெட்டிக்கு அந்த பேட்டரி எந்த மூலைக்கு!

"நாலு வருசமா சுவிச்சப் போட்டா எரியுற வீட்லயே இருந்துட்டேனா, நம்ம வீடு மறந்து போச்சுப்பா" என்றார் அக்கா. சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார்.

ஏறத்தாழ இரண்டு வருடம் அந்தப் பெட்டி ஓடாமலே இருந்தது. அக்கா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைத் துடைத்து வைப்பார். பிள்ளைகள் வந்து அதன் வளைந்த கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்த்து, சப்பை மூக்கென்றும் பூசணி மூக்கென்றும் கேலி செய்துவிட்டுப் போவார்கள். லயத்துக்கு மின்சாரம் வந்த அன்று மாலை அக்காவின் காம்பரா நிரம்பி, வெளித் திண்ணையான இஸ்தோப்பும் நிரம்பி, ஆண்கள் வாசலில் இறங்கி நின்றார்கள். அன்று தொடங்கிய கூட்டம் பத்து வருடம் கலையவில்லை. யாருக்கும் இடமில்லை என்று அக்கா சொன்னதில்லை. பாய் விரிப்பார், தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார், பிறகு யாருக்கும் மறைக்காமல் கதவோரம் நின்று பார்ப்பார்.

அந்தப் பெட்டிக்கு அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தார். லயத்தில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை பெட்டி ஓடாது. மேலே ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்திவிடுவார். கருமாதி முடிந்து, சாவு வீட்டாரில் ஒருவர் வந்து தம் கையால் அந்த வேட்டியை எடுத்தால்தான் மறுபடியும் படம். இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதல் முறை நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், படம் முடியும் தறுவாய். ஏழாம் காம்பரா மாரிமுத்து மாமா ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். அக்கா போய் பிளக்கைப் பிடுங்கினார்.

"கடைசி சீன மட்டும் பாத்துட்டுப் போயிர்றோமே அக்கா" என்றான் முன்வரிசையில் இருந்த ஒருவன்.

"சொவத்துக்கு மேல கூரை ஒண்ணுதான்டா. அங்கிட்டு அழுகுற சத்தம் கேக்குது, ஒனக்குக் கடைசி சீனு கேக்குதா? எந்திரிச்சுப் போங்க எல்லாரும்."

அக்கா அதட்டி நான் கேட்டது மிகக் குறைவு. எல்லோரும் எழுந்து நேரே மாமா வீட்டுக்குத்தான் போனார்கள். பதினாறாம் நாள் மாலை மாமாவின் மனைவி வந்து வேட்டியை எடுத்து மடித்து, "போடு தாயி, புள்ளைங்க பாக்கட்டும்" என்று சொல்லி, தானும் ஒரு மூலையில் உட்கார்ந்தார். துக்கத்திலிருந்து அவர் லயத்துக்குத் திரும்பி வந்தது அந்த நிமிடத்தில்தான் என்று எனக்குத் தோன்றும். அதற்குப் பிறகு லயத்தில் எத்தனையோ சாவுகள். அக்கா இருந்தவரை ஒரு முறைகூட அந்த வேட்டி முன்கூட்டி எடுக்கப்படவில்லை.

பிறகு தட்டைத் திரைகள் வந்தன. கொழும்புக் கடைகளில் வேலை செய்த பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது, அவற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே மலையேறினார்கள். ஆறு பேர் தேவைப்படவில்லை. கூரைக்குக் கூரை டிஷ் முளைத்தது. அக்காவின் பெட்டியோ வயதாகி, பச்சை நிறம் போய், படம் மேலும் கீழும் சுருங்கிக்கொண்டு வந்தது. தலவாக்கலையில் திருத்துபவரிடம் கேட்டோம். "டியூப் போயிருச்சு சேர். இப்ப யாரும் இது கொண்டு வர்றதில்ல, நானே இதெல்லாம் எடுக்குறத விட்டுட்டேன்" என்றார். ஒவ்வொரு வீடாகக் கதவை உள்ளே சாத்திக்கொண்டது. அக்கா ஆறு மணிக்குப் பாய் விரிப்பதை நிறுத்த வெகுநாள் ஆனது. அப்பாவும் அவருமாக அந்தச் சுருங்கிய படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. லயத்திலேயே பெரிய தட்டைத் திரை ஒன்றை வாங்கிக்கொண்டு போய் சுவரில் மாட்டினேன். பெரிய படம் வந்தால் கூட்டம் திரும்பும் என்று நம்பினேன். படித்தவன் செய்கிற முட்டாள்தனம் இப்படித்தான் இருக்கும். எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும்போது யார் வருவார்கள்? பழைய பெட்டியை இஸ்தோப்பில் இறக்கி வைத்தேன். இரும்பு வாங்குகிறவர் கண்ணாடி வேண்டாமென்று சொல்லி, உள்ளே இருந்த செம்புக் கம்பியை மட்டும் உருவிக்கொண்டு போனார். மீதியைச் சாக்கடைக் கானுக்கு அப்பால் போட்டார்கள். "பெருசா நல்லாத்தான் தெரியுது தம்பி" என்று அக்கா புதியதைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்த ஆண்டு அப்பா காலமானார். அக்கா வெள்ளை வேட்டியை எடுத்து வந்தார். பழைய பெட்டியின் தலை அகலமானது, வேட்டி அதன் மேல் அப்படியே நிற்கும். சுவரோடு ஒட்டிக்கிடந்த இந்தத் தகட்டின் மேல் அது நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது. கடைசியில் துணி காயப்போடும் கிளிப் இரண்டைக் குத்தி நிறுத்தினார். மூன்றாம் நாள் மாலை, சுவருக்கு அந்தப் பக்கம் நாடகத்தின் பாட்டு கேட்டது. அக்கா எழுந்து போய் ஆறாம் காம்பரா புஷ்பம் வீட்டு வாசலில் நின்றார். நானும் பின்னால் போனேன். புஷ்பத்தின் மருமகள் எழுந்து வந்தாள்.

"சத்தத்தக் கொறைச்சுத்தானே வச்சிருக்கோம் அக்கா" என்றாள்.

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். அக்கா திரும்பி நடந்தார். மாரிமுத்து மாமாவுக்காக ஒரு பிளக்கைப் பிடுங்கினால் போதுமாக இருந்தது. இப்போது பன்னிரண்டு வீட்டில் பன்னிரண்டு பிளக்குகள் இருந்தன. அன்று வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த அக்கா என்னிடம் கேட்டார்.

"நான் போனா இவங்க எத்தன நாளைக்குடா நிப்பாட்டுவாங்க?"

"என்ன பேச்சு இது அக்கா?"

"சொல்லேன். மூணு நாளா?"

"பதினாறு நாளும் நிப்பாட்டுவாங்க. நான் இருக்கேன்ல, நான் பாத்துக்கிறேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீ இருக்க. அப்ப சரி" என்றார். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாற்பதைத் தாண்டி இரண்டு மூன்று வயதுகூட ஆகாத மனுசி கருமாதியைப் பற்றிப் பேசுகிறாரே என்று.

சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது அதன் பிறகுதான் தெரிந்தது. ஹட்டனில் என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டோம். "அப்பா இருந்த வீட்டப் பூட்டக் கூடாது" என்பார். நாவலப்பிட்டி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஏழு மாதம் அலைந்தார். வலி என்று ஒரு நாளும் கத்தவில்லை. கடைசி வாரம் தங்கை ஊட்டிய கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டு, "ஒனக்கு இருக்கா?" என்று கேட்டார். எங்களுக்கு அம்மா இல்லாத வயதில் கேட்ட அதே கேள்வி. ஒரு வியாழக்கிழமை காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்த நேரத்தில், அக்காவின் மூச்சு நின்றது.

நற்குணங்களை மட்டும் எழுதினால் அது இரண்டாவது தவறாகும் என்றேன். முதல் தவறு இதுதான்.

அடக்கம் முடிந்து, நானும் மனைவியும் தங்கையும் கருமாதிவரை லயத்து வீட்டிலேயே தங்கினோம். வெள்ளை வேட்டியைக் கிளிப் குத்திப் போர்த்தியது நான்தான். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். யார் வீட்டில் பாட்டுக் கேட்டாலும் போய் வாசலில் நிற்பது என்று முடிவு செய்திருந்தேன். எந்த வீட்டிலும் கேட்கவில்லை. ஆறாம் நாளும் கேட்கவில்லை. எட்டாம் நாள் அந்த லயத்தில் இருமுகிற சத்தமும் கோப்பை கழுவுகிற சத்தமும்தான் இருந்தன.

ஒன்பதாம் நாள் மாலை, பெண்கள் பின்பக்கம் அடுப்படியில் இருந்தார்கள். நான் அக்காவின் காம்பராவில் தனியாக இருந்தேன். செய்தி பார்க்க நினைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. அக்கா இல்லை என்பதை அது நிமிடத்துக்கு நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தது. கிளிப்பை எடுத்தேன், வேட்டி தானாக விழுந்தது. சத்தமே இல்லாமல் படத்தை மட்டும் போட்டேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

திறந்திருந்த கதவில் புஷ்பம் அக்கா நின்றார். கையில் எங்களுக்கான இரவுச் சாப்பாடு. ஒன்பது நாளும் ஒவ்வொரு வீடாக முறைவைத்துச் சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். திரையைப் பார்த்தார், கீழே கிடந்த வேட்டியைப் பார்த்தார்.

"எடுத்துட்டீங்களா தம்பி?" என்றார்.

நான் குனிந்து வேட்டியை எடுத்தேன்.

"பரவாயில்ல. ஒங்க அக்கா அன்னிக்கி எங்க வாசல்ல வந்து நின்ன மொகம் இன்னும் எனக்குக் கண்ணுலயே நிக்கிது. இந்தத் தடவ யாரும் போடக் கூடாதுன்னு நாங்க பதினொரு வீடும் பேசி வச்சிருந்தோம். வீட்டு ஆளே எடுத்துட்டீங்க, இனி என்ன. புள்ளைங்ககிட்ட சொல்லிர்றேன்."

அவர் குத்திக்காட்டவில்லை. சாவு வீட்டார் துணியை எடுத்தால் துக்கம் கழிந்தது என்பது அந்த லயத்தின் வழக்கம். அக்காவே உண்டாக்கிய வழக்கம். சாப்பாட்டை வைத்துவிட்டுப் போனார். நான் ஓடிப்போய்த் திரையை அணைத்தேன். அதற்குள் ஆறாம் காம்பராவில் பாட்டு தொடங்கிவிட்டது. பிறகு எட்டாம் காம்பரா, பிறகு அந்தக் கோடி. தங்கை அடுப்படியிலிருந்து வந்து, "என்னண்ணே, அதுக்குள்ள போட்டுட்டாங்க?" என்று அழுதாள். அவளுக்கு நான் காரணம் சொல்லவில்லை. இந்த மலரை முழுதாக வாசிக்கும்போதுதான் அவளுக்கே தெரியவரும்.

அக்காவின் நோய்க்காலத்தில் வாகனம் தந்தவர்களுக்கும், இரத்தம் கொடுத்த இளைஞர்களுக்கும், மழையில் பாடை சுமந்தவர்களுக்கும், லிந்துலையிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் வலப்பனையிலிருந்தும் வந்து எங்கள் துக்கத்தில் பங்குகொண்ட உறவினர், நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடுப்பு மூட்டவிடாமல் எங்களுக்குச் சோறு போட்டு, ஒன்பது நாள் தங்கள் பிள்ளைகளை அடக்கி, அக்காவுக்காக அமைதி காத்த பதினொரு வீட்டாருக்கும் எந்த வார்த்தையில் நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பதினாறு நாளும் காக்க அவர்கள் ஆயத்தமாகவே இருந்தார்கள். அக்கா அடுத்த வீட்டாரை நினைத்துத்தான் பயந்தார். என்னை நினைத்து அவர் ஒரு நாளும் பயந்ததில்லை.

தம்பி