பலெர்மோவில் ஒரு ஜப்பானியத் தேநீர்ச் சடங்கு: கடைசி மடக்கின் சத்தம்

சிசிலிக்குப் போகிறவர்கள் என்னிடம் எரிமலையைப் பற்றியும் கடற்கரையைப் பற்றியும்தான் கேட்பார்கள். போன வாரம் என் பதிவுகளைப் படிக்கும் ஒரு தங்கை, "பலெர்மோவில் ஜப்பானிய முறைப்படி தேநீர் தருகிறார்களாமே, நீங்கள் போயிருக்கிறீர்களா?" என்று எழுதியிருந்தாள். போயிருக்கிறேன். 2013 நவம்பரில், கத்தானியாவில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது. இதுவரை அதைப் பற்றி எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு.

என்னை அழைத்தவள் ஜூடித். ஒருமுறை பலெர்மோப் பல்கலைக்கழக நூலகத்தில் என் அரைகுறை இத்தாலியனில் வழி கேட்டேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "தமிழோ? பிறகேன் இப்பிடிக் கஷ்டப்படுறீர்?" என்றாள். அன்றிலிருந்து சிநேகிதி. மன்னாரில் பிறந்து, ஆறு வயதில் பலெர்மோ வந்தவள். ஜப்பானிய மொழி படித்தாள். அதோடு, நகரின் பழைய பகுதியான கால்சாவில் குடியிருந்த ஒரு ஜப்பானியப் பெண்மணியிடம் தேநீர்ச் சடங்கும் கற்றாள். முதன்முதலாக விருந்தினர்களுக்கு அவளே தேநீர் தயாரித்துத் தரப்போகும் நாளுக்குத்தான் அழைப்பு.

கத்தானியாவிலிருந்து பலெர்மோ ஏறத்தாழ 210 கிலோமீட்டர். ரயில் இருக்கிறது, ஆனால் பேருந்தையே சொல்வேன்: இரண்டே முக்கால் மணி நேரம், அப்போது பதின்மூன்றரை யூரோ. வலப்பக்கம் உட்காருங்கள், கடைசி அரை மணி நேரம் கடல் கூடவே வரும். வெள்ளி மாலை போய் இறங்கி, நகரப் பேருந்தில் (ஒரு யூரோ முப்பது) சீசா என்ற பகுதிக்குப் போனேன். ஜூடித்தின் வீடு அங்கேதான், நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது.

கதவைத் திறந்தது அவளுடைய அம்மா, ரீத்தா ஆன்ட்டி. தெருமுனையில் அரிசி, மிளகாய்த்தூள், கருவாடு விற்கும் கடை அவருடையது. குரலும் கடைக்காரர் குரல்தான். அவரும் மறுநாள் விருந்தினர். அதில் அவருக்கு இருந்த பெருமையை மறைக்க அவர் முயலவே இல்லை.

"தேத்தண்ணி போட எட்டு மாசம் படிச்சவள் பிள்ளை. நான் எட்டு நிமிசத்தில போட்டிடுவன்," என்று என்னிடம் சொன்னார். பிறகு, "நாளைக்கு நீல சாறி உடுக்கவோ, ஊதா உடுக்கவோ?" என்று கேட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஜூடித் எங்கள் இருவருக்கும் முறைகளைச் சொல்லிக்கொடுத்தாள். இனிப்பை முதலில் தின்ன வேண்டும். கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் திருப்ப வேண்டும். ஆன்ட்டி ஒரு சோற்றுக் கோப்பையை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இனிப்பைக் கடிச்சிட்டுக் கசப்பைக் குடிக்கிறது எங்கட பனங்கட்டித் தேத்தண்ணி மாதிரித்தானே!" என்று சிரித்தார். நடுவில் ஊரிலிருந்து எனக்குப் போன் வந்தது. பால்கனிக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பியபோது பாடம் முடிந்திருந்தது. என்ன விட்டுப்போனது என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் கால்சாவுக்குப் போனோம். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். புதுப்பித்த மாளிகை ஒன்று இருக்கும், அதை ஒட்டியே சுவர் பெயர்ந்த வீட்டில் துணி காயும். ஆசிரியையின் வீடு அப்படியொரு பழைய மாளிகையின் இரண்டாம் மாடி. பெரிய கூடத்தின் ஒரு மூலையில் ஜப்பானியக் கோரைப்பாய்கள் விரித்து, மர மறைப்பு வைத்து, சின்ன அறையாக ஆக்கியிருந்தார். வாசலில் செருப்பு, கைக்கடிகாரம், மோதிரம், வளையல் எல்லாம் கழற்ற வேண்டும்; கிண்ணத்தில் கீறல் விழக்கூடாது. ஆன்ட்டி தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். கடைசியில் ஊதாச் சேலைதான்.

நாங்கள் ஐந்து பேர். முதலில் ஆசிரியையின் பழைய மாணவரான ஒரு இத்தாலியர், அடுத்து ஆன்ட்டி, அடுத்து நான், கடைசியில் ஜூடித்தின் வகுப்புத் தோழிகள் இருவர். மண்டியிட்டு உட்கார்ந்தோம். ஜூடித் சாம்பல் நிறக் கிமோனோவில் வந்து குனிந்து வணங்கினாள். எனக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. துணியை மடிக்கிறாள், மூங்கில் கரண்டியைத் துடைக்கிறாள், அகப்பையால் வெந்நீர் எடுக்கிறாள், ஒன்றிலும் அவசரமில்லை. கொதிக்கும் தண்ணீரின் இரைச்சல் தவிர வேறு சத்தமில்லை. அந்த அமைதி அழகாகத்தான் இருந்தது. ஆனால் பள்ளிக்கூடப் பிரார்த்தனைக் கூட்டத்தில் சிரிப்பு வருமே, அந்த வகை அமைதியாகவும் இருந்தது.

முதல் கிண்ணம் இத்தாலியருக்கு. அவர் குடித்து, கடைசி மடக்கை 'ஸ்ஸ்ர்ப்' என்று உறிஞ்சினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வீட்டில் அப்படிக் குடித்தால், "மாடு கழனி குடிக்கிறாப்பல" என்று அம்மாவிடம் திட்டு விழும். உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டாவது கிண்ணம் ஆன்ட்டிக்கு. இரண்டு தரம் திருப்பினார், பிசகே இல்லை. மூன்று மடக்கு குடித்தார். பிறகு தலையை நிமிர்த்தி, கிண்ணத்தைச் சாய்த்து, கடைசிச் சொட்டை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார் பாருங்கள், கூடம் முழுக்கக் கேட்டிருக்கும்.

நான் சிரித்துவிட்டேன். அடக்கிய சிரிப்பு மூக்கு வழியாக வெடித்தது. கையால் வாயைப் பொத்தினேன், நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த இரண்டு பெண்களுக்கும் தொற்றிக்கொண்டது.

ஆன்ட்டி கிண்ணத்தைக் கையில் வைத்தபடியே எங்களைப் பார்த்தார். என்னை, அந்தப் பெண்களை, மறுபடி என்னை. பிறகு மகள் பக்கம் திரும்பி, அந்தக் கடைக்காரர் குரலை அதுவரை நான் கேட்டிராத அளவுக்குத் தணித்துக் கேட்டார்: "பிழையாக் குடிச்சிட்டனோ?"

சடங்கின் நடுவே ஜூடித் வேறெதுவும் பேசக்கூடாது. அவள் கையில் அகப்பை இருந்தது. அதை வைத்துவிட்டு, முழுதாக அம்மா பக்கம் திரும்பினாள்.

"இல்லையம்மா. சரியாத்தான் குடிச்சனீங்கள். அப்பிடித்தான் குடிக்கவேணும்."

பிறகு அடுப்பின் பக்கம் திரும்பினாள். அடுத்து என்ன என்பது அவளுக்கு மறந்துவிட்டது. கை அகப்பைக்கும் துணிக்கும் நடுவில் அப்படியே நின்றது. ஆசிரியை ஜப்பானிய மொழியில் ஏதோ மெல்லச் சொன்னார். ஜூடித்தின் கழுத்து சிவந்தது. எட்டு மாதப் பயிற்சி; அதை நிறுத்தியது என் மூக்கு.

அடுத்த கிண்ணம் எனக்கு. பச்சை நுரை, இளஞ்சூடு, கசப்பு. குடித்தேன். குடித்து முடித்துவிட்டோம் என்று தெரிவிப்பதற்குத்தான் அந்தச் சத்தம் என்பது அப்போதுதான் புரிந்தது, ஏனென்றால் ஜூடித் அதற்காகக் காத்திருந்தாள். உறிஞ்சினேன்; வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி உறிஞ்சினேன். குழந்தை விசும்புவதுபோல ஒரு சின்னச் சத்தம். யாரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

வாசலில் செருப்புப் போடும்போது ஆன்ட்டியின் அருகே போனேன்.

"ஆன்ட்டி, உங்களைப் பாத்துச் சிரிக்கல. தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து மோதிரத்தை எடுத்தார். "பின்னை ஆரைப் பாத்துச் சிரிச்சனீ?" என்று கேட்டார். கோபமாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார். நான் குனிந்து செருப்பு வாரை மாட்டினேன்.

வீட்டில் எனக்குச் சோறும் மீன்குழம்பும் நிறைய வைத்தார். எதிரே உட்கார்ந்து கதைக்கத்தான் இல்லை.

மாலை ஜூடித் பேருந்து நிலையம் வரை கூட வந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "எனக்குப் பரவாயில்லை, திரும்பச் செய்யலாம்," என்றாள். கொஞ்ச தூரம் போய், "இத்தாலிக்காரர் சிரிக்கிறது அம்மாக்குப் பழக்கம். அவவின்ர இத்தாலியன் பாஷையைக் கேட்டு எத்தினை பேர் சிரிச்சிருக்கினம்! அதுக்கெல்லாம் திருப்பிக் குடுப்பா. இண்டைக்குத் தமிழ்ப்பிள்ளை சிரிச்சுப்போட்டுது, அவ்வளவுதான்," என்றாள். திரும்பும் பயணத்தில் எந்தப் பக்கம் கடல் வந்தது என்று நான் கவனிக்கவில்லை.

கேட்ட தங்கைக்கு என் யோசனைகள்: சுத்தமான வெள்ளைக் காலுறை கொண்டுபோங்கள். வாசனைத் திரவியம் வேண்டாம். கால் மரத்துவிடும், எழுவதற்கு முன் விரல்களை மடக்கி ஊன்றிக்கொள்ளுங்கள். கிண்ணத்தை வாங்கும்போது அடுத்தவரிடம் தலை குனிந்து, "உங்களுக்கு முன்னால் குடிக்கிறேன்" என்று சொல்வது மரபு. சொல்லிக்கொடுக்கும்போது போனை எடுக்காதீர்கள். முக்கியமாக, முன்பின் தெரியாத ஒரு முறையைக் கற்றுக்கொண்டு உங்கள் அருகில் ஒருவர் செய்துகாட்டினால், அது எத்தனை விநோதமாகத் தெரிந்தாலும், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு சிரிப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்த வசந்தத்தில் ஜூடித் மறுபடி தேநீர் தந்தாள். ஒரு பிசகும் இல்லை. ஆசிரியையின் முகத்திலேயே தெரிந்தது. நானும் போயிருந்தேன். என் பக்கத்தில் மேல்மாடியில் குடியிருந்த இத்தாலியப் பெண்மணி ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா வரலையா?" என்று வாசலில் கேட்டேன்.

"பச்சைத் தேத்தண்ணி வயித்துக்கு ஒத்துவராதாம்," என்றாள் ஜூடித். என் வளையலை வாங்கித் தட்டில் வைப்பதில் மும்முரமாக இருந்தாள்.

அன்று கடைசி மடக்கை நான் கூடம் முழுக்கக் கேட்கும்படி உறிஞ்சினேன். கேட்க வேண்டியவர் அங்கே இல்லை.